பார்க்க மட்டும்

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் இருப்பாரா
என்று மட்டும்தான் கேட்டிருந்தது கேள்வி.
ஏஜென்ட் பதிவே செய்துவிட்டது.
பத்தே முக்கால், அறை நான்கு,
ஐந்நூறு ரூபாய், திரும்பக் கிடைக்காது.

நல்லவேளை, சோதனை.
பெல்லந்தூரில் ஆறாவது மாடி,
கண்ணாடிக்கு வெளியே ஏரி,
உள்ளே அதன் வாடை.

கருவியில் பிழை இல்லை.
பதிவு செய்யும் கருவி, பதிவு செய்தது.
ஏஜென்டும் எழுதியிருந்ததைத்தான் படித்தது:
"நேரம் தொடர்பான வேலைகளுக்கு."
உள்ளே ஓடும் ஆயிரம் வரியும் அதற்குத் தெரியாது.
பூட்டிய கதவு, மேலே ஒட்டிய ஒரு சீட்டு,
அதை நம்பித்தான் கை வைக்கிறது.

சீட்டை எழுதியது யாரென்று தேடினேன்.
ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஆறு பன்னிரண்டு.
பெயர் என்னுடையது.
அன்றைக்கு மடிவாளாவில் எட்டு மணி பஸ்.
சில்க் போர்டு நெரிசலைக் கணக்குப் போட்டு
மூன்று சொல்லோடு எழுந்து ஓடியிருக்கிறேன்.

நாகவேணி தொகுத்த முந்நூறு கேள்விகள்.
முதல் ஓட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு சரி.

திருத்தினேன்.
"நேரத்தைப் பதிவு செய்யும். பணம் பிடிக்கும்.
சும்மா விசாரித்தால் இதைத் தொடாதே."
பக்கத்துக் கருவிக்கு:
"காலி நேரம் பார்க்க மட்டும்.
எத்தனை முறை பார்த்தாலும் ஒன்றும் ஆகாது."

அந்த "ஒன்றும் ஆகாது"வில் மயங்கிவிட்டது.
எதைக் கேட்டாலும் அங்கேயே போய் நின்றது.
வண்டி எங்கே நிறுத்த என்றால்
காலி நேரம் பார்த்தது.
ரத்த அறிக்கை வந்ததா என்றால்
அதற்கும் பார்த்தது.
ஒரு சீட்டில் ஈரம் பட்டால்
அடுத்த சீட்டுக்குச் சளி பிடிக்கிறது.

இரண்டு சொல்லை வெட்டினேன்.
இருநூற்று எண்பத்தெட்டு.
சுப்ரீத் கட்டைவிரல் உயர்த்திவிட்டுக் காபிக்குப் போனான்.

மிச்சம் பன்னிரண்டைத்தான் பார்க்க வேண்டும்.
எதற்கோ சரியானவற்றில் மேய்ந்தேன்.
வரிசை எண் நூற்று எழுபத்து நான்கு:
"அப்பாவுக்கு எடுத்த டயாலிசிஸ் நேரம் எல்லாம்
இனி வேண்டாம்."

சரியான கருவி. சரியான பெயர்.
பதினான்கு பதிவும் ரத்து. பச்சை நிறம்.
அதற்குக் கீழே ஏஜென்ட் சொன்னது:
"ரத்து செய்தாயிற்று.
அப்பாவுக்கு வேறு தேதி பார்க்கட்டுமா?"

அது தானாகக் கேட்கவில்லை.
ரத்துக் கருவியின் சீட்டில் கடைசி வரி:
"முடிந்ததும் மறுபதிவுக்கு நினைவூட்டவும்."
விற்பனைக்காரர்கள் சேர்க்கச் சொன்னது.

நாகவேணி பிப்ரவரியில் பத்து நாள் லீவில் இருந்தாள்.
காரணம் யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.
இப்போது எதிர் வரிசையில்
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
தயிர்சாத டப்பாவைத் திறக்கிறாள்.

அந்தக் கடைசி வரியை அழித்தேன்.
மறுபடி ஓட்டினேன், நாற்பது நிமிடம்.
இருநூற்று எண்பத்தெட்டு.
எண் அசையவே இல்லை.
மாற்றத்துக்குக் காரணம் எழுது என்றது கட்டம்.
"தேவையில்லை" என்று எழுதி,
அழித்து,
"சில சமயம் தேவையில்லை" என்று எழுதினேன்.

கசவனஹள்ளி வீட்டில்
குளியலறைக்கு வெளியே நான்கு சுவிட்ச்.
நான்காவதின் மேல் முன்பு குடியிருந்தவர்
செல்லோடேப்பில் ஒட்டிப் போன காகிதம்,
கன்னடத்தில் ஒரே சொல்: பேட.
என்னைவிடச் சிக்கனக்காரர்.
தொட்டால் என்ன நிற்கும், என்ன எரியும்,
அவருக்கு மட்டும் ஆகாதா, எனக்குமா,
ஒன்றும் எழுதவில்லை.
மூன்று வருடமாகக் கீழ்ப்படிகிறேன்.

இன்று விரலைக் கிட்டே கொண்டுபோனேன்.
ஓரம் பழுப்பேறிச் சுருண்டிருந்தது காகிதம்.
நகத்தால் நீவி ஒட்டவைத்துவிட்டு
குக்கருக்கு அரிசி களையப் போனேன்.